தலக்குளத்து வேலுத்தம்பி தளவாய்

இரணியலுக்கு அணித்தாயுள்ள தலக்குளம் என்னும் சிற்றூர் நம் மாணவருட் பலருக்குப் பழக்கமானதே. நாகர்கோவிலினின்றும் திங்கள்சந்தைப் பக்கமாகக் குளச்சலுக்குப் போகின்றவர்கள் அதன் அயலைக் கடந்தே செல்வர். தென்னையும் வாழையும் செழித்து, குளமும் வயலும் சூழ்ந்து, நாஞ்சில் நாட்டையடுத்த பிற ஊர்களைப்போன்றே அதுவும் அமைதியாகத் தோன்றும். ஆயினும் இவ்வூரிற் பிறந்த ஒருவர், திருவிதாங்கூர் இராஜ்யம் முழுவதையும் ஏழாண்டு தம் கைக்குள் அடக்கி வைத்திருந்து, பின்னர் இங்கிலீஷ் கும்பினியாரோடு போர் தொடுத்து, நாற்பத்துநான்கு வயது நிறையுமுன்னே தம் கையாலேயே உயிர் துறந்தார். திருவனந்தபுரத்தில் செக்ரடேரியட்டின் முன்னே நிற்கும் அவரது சிலையைக் கண்டிராதவர் நம்மில் அரியர்.

சிலையாய் நிற்பவரின் சரிதையை எழுதும்போது ஒரு சங்கடம் உண்டு. அவரைத் தேசாபிமானி என்று கொண்டாடுவோர் பள்ளாத்துருத்தி ஆற்றில் நடந்ததைச் சொல்லாமலே விட்டுவிடுவர். அவரைக் கொடியவர் என்று தூற்றிய பழைய இங்கிலீஷ் ஆசிரியர் சிலரோ கண்ணம்மூலையில் நடந்ததை இரண்டொரு வரியில் முடித்துவிடுவர். இரண்டையும் ஒருங்கே சொல்லாவிடில் இச்சரிதை பாதிச் சரிதையேயாம்.

வேலாயுதன் செண்பகராமன் தம்பி 1765-ம் வருஷம் மே மாதம் 6-ந் தேதி பிறந்தார். செண்பகராமன் என்பது அரசருக்குச் சேவை புரிந்த குடும்பங்களுக்கு அளிக்கப்பட்ட பட்டம். இளமையிலேயே அரசாங்க உத்தியோகத்தில் அமர்ந்து, மாவேலிக்கரையில் காரியக்காரராக, அதாவது தாசில்தாரைப்போன்ற பதவியில், பணியாற்றினார். அவருடைய இளமையைப்பற்றி இதற்குமேல் விரிக்க வேண்டுவதில்லை. அவர் நாடறிந்த மனிதரானது 1799-ம் வருஷத்தில்.

அதற்கு முந்திய வருஷம் தர்மராஜா என்று புகழ்பெற்ற இராமவர்ம மகாராஜா காலஞ்சென்றார். பதினாறு வயதினரான பாலராமவர்மர் பட்டத்துக்கு வந்தார். இளைஞரான அரசரை வளைத்துக்கொண்டு ஜெயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணச் செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவர் இராஜ்யத்தை நடத்தலாயினர். பொக்கிஷம் வறண்டிருந்தது. அதை நிரப்பக் கருதிய இவர்கள், செல்வர் இன்னார் இன்னார் என்று ஒரு ஜாபிதா எழுதி, ஒவ்வொருவரும் இவ்வளவு கட்டவேண்டுமென்று விதித்து, கட்ட இயலாதவரைச் சவுக்கால் அடிப்பித்தார்கள். அந்த ஜாபிதாவில் வேலுத்தம்பியின் பெயரும் இருந்தது. தமக்கு மூன்று நாள் தவணை வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அவர் தெற்கே திரும்பினார். பணம் திரட்டுவதற்குப் பதிலாக அவர் ஜனங்களைத் திரட்டினார். நாஞ்சில் நாட்டாரும் அயலூராரும் ஆயிரக்கணக்கில் கூடித் திருவனந்தபுரத்துக்குச் சென்று கோட்டை வாயிலில் நின்றபோது, அரசர் அவர்கள் கேட்டதையெல்லாம் கொடுக்க நேர்ந்தது. நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் பலர் காணச் சவுக்கடிபட்டுக் காதறுக்கப்பட்டுச் சிறையிலடைக்கப்பட்டனர்.

ஜனங்கள் அநியாயத்தை எதிர்த்து எழுந்தது மெச்சத்தக்கதே. ஆனால் பிடிபட்டவர்களின் காதை அறுப்பதில் அந்த எழுச்சி முடிந்தது என்பதையும் இங்கே குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். கையில் அகப்பட்டவரை என்ன செய்வது என்னும் கேள்வி இச்சரிதை முழுவதும் மீண்டும் மீண்டும் எழப்போகின்றது.

புதிதாக அமைந்த ஆட்சியில் வேலுத்தம்பி முளகுமடிசீலை உத்தியோகம் பெற்றார். மிளகு முதலிய சரக்குகளின் வியாபாரத்தை மேற்பார்ப்பது அப்பதவி. அரண்மனைச் சூழ்ச்சிகள் சிலவற்றுக்குத் தப்பி, 1802-ல் அவர் தளவாய் ஆனார். அவர் ஓரிடத்தில் தங்கியிருந்து ஆளவில்லை. ஊர் ஊராகச் சுற்றி, மரத்தடியிலேயே கச்சேரி கூட்டி, வழக்கை விசாரித்த இடத்திலேயே தண்டனையையும் நிறைவேற்றினார். இலஞ்சம் வாங்கினவரும் கள்ளக்கணக்கு எழுதினவரும் விரலையோ காதையோ இழந்தார்கள். அவருடைய தாயாரின் நிலத்துக்கு வரியைக் குறைத்தெழுதிய கணக்கனின் விரல்களை அவர் வெட்டுவித்தார் என்னும் கதை இன்றும் வழங்குகின்றது. அது மெய்யோ, மிகையோ, அவ்வாறு சொல்லப்படத்தக்க மனிதராகவே அவர் இருந்தார். கணக்குகள் சீர்ப்பட்டன, பொக்கிஷம் நிறைந்தது, ஆலப்புழைத் துறைமுகம் வளர்ந்தது, கொல்லத்திலும் சங்கனாச்சேரியிலும் கட்டடங்களும் சந்தைகளும் எழுந்தன. ஜனங்கள் அவரை மதித்தார்கள். அன்பினால் மதித்தவரினும் அச்சத்தினால் மதித்தவரே மிகுதி என்று எனக்குத் தோன்றுகின்றது.

இனி, அவருடைய வாழ்வையும் சாவையும் தீர்மானித்த விஷயத்துக்கு வருவோம். அது பட்டாள விஷயம்.

திப்பு சுல்தானுக்கு அஞ்சி 1788-ல் திருவிதாங்கூர் அரசர் கும்பினியாரிடம் இரண்டு பட்டாளங்களைக் கூலிக்கு வேண்டினார். பின்னர் 1795-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களுக்கும், ஒரு ஐரோப்பியப் பீரங்கிப் படைக்கும், இரண்டு லஸ்கர் படைகளுக்கும் உண்டாகும் செலவை வருஷந்தோறும் செலுத்துவதாக ஒப்புக்கொண்டார். அந்நாளில் அது விவேகமான ஏற்பாடாகவே காணப்பட்டிருக்கும். 1789-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் திப்பு வடக்கே நெடுங்கோட்டையைத் தாக்கியதை நினைப்பவர் அதைக் குறைகூறார். ஆனால் 1799-ல் ஸ்ரீரங்கபட்டணம் விழுந்து திப்புவும் மாண்டான். பகைவன் போய்விட்டான், பட்டாளமோ போகவில்லை.

1804-ல் நடந்த ஒரு சம்பவம் காரியத்தை மேலும் சிக்கலாக்கிற்று. செலவைக் குறைக்கக் கருதிய தளவாய், நாயர் படையினரின் படியில் கைவைத்தார். ஏறக்குறையப் பதினாயிரம் போர்வீரர் ஆலப்புழையிற் கூடி, தளவாயைத் தொலைப்பதென்று துணிந்தனர். அவர் கொச்சிக்கு ஓடி, அங்கிருந்த பிரிட்டிஷ் ரெசிடெண்டு கர்னல் மெக்காலேயினிடம் அடைக்கலம் புகுந்தார். கும்பினிப் படையின் துணைகொண்டு திரும்பிவந்து கலகத்தை அடக்கினார். தலைவர் பலர் தூக்கிலிடப்பட்டனர். கிருஷ்ணபிள்ளை என்பவரின் கால்களை இரண்டு யானைகளிற் கட்டி, அவற்றை எதிரெதிர்த் திசையில் ஓட்டி, அவரைக் கிழித்துக் கொன்றதாகத் திருவிதாங்கூர்ச் சரித்திரகாரர்களே எழுதியிருக்கின்றனர். பிற்காலத்தில் எந்தப் பட்டாளத்தை நாட்டைவிட்டு விரட்ட வேலுத்தம்பி வாளெடுத்தாரோ, அந்தப் பட்டாளமே அன்று அவரைக் காப்பாற்றியது.

காப்பாற்றியதற்குக் கூலியும் உடனே கேட்கப்பட்டது. 1805-ம் வருஷம் ஜனவரி 12-ந் தேதி புதிய உடன்படிக்கை ஒன்று கையெழுத்தாயிற்று. மேலும் ஒரு பட்டாளத்துக்காக வருஷத்துக்கு இரண்டு லட்சம் கூட்டப்பட்டு, மொத்தம் எட்டு லட்சம் ரூபாய் வரையில் செலுத்தவேண்டிய கடமை ஏற்பட்டது. பணம் தவறினால் இராஜ்யத்தின் எப்பகுதியையும் கும்பினியார் தாமே எடுத்து நிர்வகிக்கலாம் என்ற ஷரத்தும் அதில் இருந்தது. தளவாய் இதற்கு அரசரை இணங்கச் செய்தார். இதுவே அவர் செய்த பெரும் பிழை என்று பலர் சொல்லுவர். உயிர்ப்பிச்சை பெற்றவர் பேரம் பேசுவது எங்ஙனம் என்று கேட்போரும் உளர்.

1806 முதல் பாக்கி ஏறத்தொடங்கிற்று. அதனோடு வாதமும் வளர்ந்தது. தளவாயின் கட்சி இது: நாட்டின் வருமானம் இவ்வளவு தொகையைத் தாங்காது, இப்போது எதிர்க்கும் பகைவன் எவனும் இல்லை, ஆதலால் கூடுதலாகச் சேர்த்த பட்டாளத்தை விலக்கிக்கொள்ள வேண்டும், அல்லது தொகையைக் குறைக்க வேண்டும். கும்பினியாரின் கட்சி வேறு: உடன்படிக்கை உடன்படிக்கைதான், பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸ் தீவில் இருக்கும்வரை மேல்கடற்கரைக்கு ஆபத்து உண்டு, பணம் போதாதென்றால் அரசர் தமக்கென வைத்திருக்கும் கர்நாடக பிரிகேட் என்னும் படையைக் கலைத்துவிட்டு, அதனால் மிஞ்சும் தொகையைக் கட்டட்டும். யாருடைய படை கலைவது என்பதே வினா. தன் படையைக் கலைத்துப் பிறன் படைக்குச் சோறு போடும் அரசு எவ்வளவு நாள் அரசாக நிற்கும் என்று தளவாய் எண்ணியிருப்பார். இந்த ஒரு விஷயத்தில் நியாயம் பெரிதும் அவர் பக்கத்திலேயே இருந்தது என்று நான் கருதுகிறேன்.

எதிரே நின்ற மனிதரைப்பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். காலின் மெக்காலே ஸ்காத்துலாந்து தேசத்துப் போதகர் ஒருவரின் புதல்வர். பிற்காலத்தில் பேர்பெற்ற மெக்காலே பிரபுவின் பெரிய தகப்பனார். இளமையில் ஹைதரலியின் படையிடம் பிடிபட்டு, ஸ்ரீரங்கபட்டணத்துச் சிறையில் ஏறக்குறைய நான்காண்டு கிடந்தவர். சிறைப்பட்டவனின் துன்பத்தை நூலிற் படித்தன்று, உடம்பாலேயே அறிந்தவர். வேத புஸ்தக ஆராய்ச்சியிலும், பின்னாளில் அடிமை வியாபார ஒழிப்பிலும் ஊக்கமுடையவர். மயிலாடியிற் கோவில் கட்ட ரிங்கல்தௌபே ஐயர் அநுமதி வேண்டியபோது அவருக்குப் பரிந்துபேசியவரும் இவரே. ஆயினும் பாக்கிப் பணம் கேட்பதில் இவர் இரக்கமில்லாதவராயிருந்தார். இராஜ்யத்தின் உள்விவகாரங்களிலும் தலையிட்டார். பழைய மாத்துத் தரகனின் சொத்தைத் தளவாய் ஜப்தி செய்ய உத்தரவிட்டபோது ரெசிடெண்டு குறுக்கே விழுந்து தடுத்தது பகையை முற்றுவித்தது. ரெசிடெண்டை மாற்றவேண்டுமென்று திருவனந்தபுரத்திலிருந்தும், தளவாயை மாற்றவேண்டுமென்று ரெசிடெண்டிடமிருந்தும் கடிதங்கள் போயின. ஒருகாலத்தில் அடைக்கலம் கொடுத்தவரும் அடைக்கலம் புகுந்தவரும் இப்படியானார்கள்.

1808-ம் வருஷக் கடைசியில் தளவாய் இரகசியமாக ஆயத்தங்கள் செய்தார். கோட்டைகள் பழுதுபார்க்கப்பட்டன, ஆட்கள் சேர்க்கப்பட்டனர். கொச்சி இராஜ்யத்தின் மந்திரியான பாலியத்தச்சனும், தம் விரோதிக்கு ரெசிடெண்டு புகலிடம் தந்திருந்த காரணத்தால், இவரோடு சேர்ந்தார். கள்ளிக்கோட்டைச் சாமூதிரிக்கும் ஓலை போயிற்று, அவர் சேரவில்லை. பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸிலிருந்து வந்து இறங்குவார்கள் என்று தளவாய் எதிர்பார்த்திருந்ததாக இங்கிலீஷ் அதிகாரிகள் எழுதினர். ஒரு பிரெஞ்சுக்காரரும் வரவில்லை. உளவும் செய்தியும் இரு பக்கத்திலும் எவ்வளவு குறைபட்டிருந்தன என்பதை இங்கே காணலாம். வெகு தூரத்திலிருந்து வராத துணையைத் தளவாய் நம்பினார். பக்கத்திலேயே திரண்டுகொண்டிருந்த படையை ரெசிடெண்டு அறிந்தாரில்லை.

அறியாமற் செய்த தந்திரமும் தளவாயுடையதே. தாம் அஞ்சிவிட்டதாகவும், உத்தியோகத்தை விட்டு மலபார்ப் பக்கத்திற்குப் போய் ஒதுங்கி வாழ விரும்புவதாகவும் சொல்லியனுப்பினார். மெக்காலே மகிழ்ந்து, பயணத்துக்கு வேண்டிய படகு பல்லக்கு முதலியவற்றையும் ஏற்பாடு செய்தார். குறித்த நாள் டிசம்பர் 28. அன்றிரவு ஆயுதந்தாங்கிய கூட்டத்தார் படகுகளில் வந்து, கொச்சியில் ரெசிடெண்டின் இல்லத்தை வளைத்துக்கொண்டு சுட்டார்கள். அவரோ வீட்டினுள்ளே ஒரு மறைவிடத்தில் ஒளிந்திருந்து, விடிந்தபின் துறைமுகத்தில் வந்து சேர்ந்த இங்கிலீஷ்க் கப்பலில் ஏறித் தப்பினார். தளவாயின் திட்டத்தின் முதற்படியே வழுக்கிற்று.

அடுத்து நடந்தது பள்ளாத்துருத்திச் சம்பவம். அதைக் கூடியவரை சுருக்காமல் சொல்லுகின்றேன்.

அந்நாட்களில் கும்பினியாருக்குத் துணையாயிருந்த 12-ம் ரெஜிமெண்டைச் சேர்ந்த சுமார் முப்பது வெள்ளைச் சிப்பாய்கள், ஹியூம் என்னும் வைத்தியரோடும் வேறு சிலரோடும் கடல்வழியாகக் கொல்லம் நோக்கி வந்தார்கள். போர் தொடங்கிவிட்டதென்பது அவர்களுக்குத் தெரியாது. ஆலப்புழைக் கரையோரத்தில் அவர்கள் இறங்க நேர்ந்தது. கரையிலிருந்தவர்கள் நட்புக்காட்டி அவர்களை வரவேற்று, ஆயுதங்களை வாங்கிக்கொண்டு, பின் அவர்களைக் கட்டினார்கள். சிப்பாய்களை இருவர் இருவராகப் பிணைத்து, கழுத்திற் கல்லைக் கட்டி, பள்ளாத்துருத்தி ஆற்றிலே தள்ளினார்கள். வைத்தியர் ஹியூம் புறக்காட்டுக் கடற்கரையிற் கொல்லப்பட்டார். அவர் முன்னொருகால் தளவாய்க்கே மருந்து கொடுத்தவர் என்றும், அவரை அடையாளங்கண்ட பின்னும் தளவாய் கொல்லச் சொன்னார் என்றும் இங்கிலீஷ் ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். தளவாயின் கட்டளை இன்றியே கீழுள்ளவர் செய்திருத்தல் கூடும் என்று வாதிப்போரும் உண்டு. அவருடைய ஆட்சியில் அவரறியாமல் ஒரு கணக்கனும் கணக்கைத் திருத்த அஞ்சினான் என்று மேலே கண்டோம். முப்பது பேரை அவர் அறியாமல் ஆற்றிலிட யார் துணிந்திருப்பர்?

போர்முகத்திற் கொல்வது வேறு. ஆயுதத்தை ஒப்புக்கொடுத்தவனைக் கொல்வது வேறு. இந்த வேற்றுமையை நம் முன்னோர் அறியாதவரல்லர். நம் ஊருக்கு அருகிலேயே, 1741-ல் குளச்சலிற் பிடிபட்ட ஒல்லாந்தர் புலியூர்க்குறிச்சியிலே உதயகிரிக் கோட்டையில் வைக்கப்பட்டார்கள். அவருள் ஒருவரான டிலனாய் மார்த்தாண்டவர்ம மகாராஜாவின் படைகளைப் பழக்கி, கோட்டைகளைக் கட்டி, வலிய கப்பித்தான் என்று பேர்பெற்று, 1777-ல் அக்கோட்டையிலேயே அடக்கமானார். சிறைப்பட்டவனைச் சேனாபதியாக்கிய அதே இராஜ்யம், அறுபத்தெட்டு வருஷத்துக்குப்பின் வழிதவறி வந்தவர்களைக் கல்லோடு கட்டி ஆற்றிலிட்டது. வேலுத்தம்பியின் கட்சி நியாயமானது என்று நம்புகிறவர்களுக்கே இது அதிக வருத்தம் தரவேண்டும். இங்கிலீஷார் அதன்பின் சமாதானம் என்ற சொல்லைக் காதிலேயே வாங்கவில்லை.

1809-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி, கொல்லம் ஆண்டு 984 மகரம் முதல் நாள், குண்டறையிலிருந்து தளவாய் ஒரு விளம்பரம் வெளியிட்டார். கும்பினியார் நம்பிக்கை மோசம் செய்யும் விதத்தையும், அவர்கள் நாட்டைக் கைப்பற்றினால் உப்பு முதல் மரம்வரை வரி விழும் என்பதையும், கோயில்களுக்கும் ஜாதி ஆசாரங்களுக்கும் கேடு வரும் என்பதையும் அதில் விரித்துரைத்தார். வரியைக் குறித்து அவர் சொன்னவற்றிற் பல, இந்தியாவின் மற்றப் பகுதிகளில் மெய்யாயின. சமயத்தைக் குறித்து மூட்டிய அச்சமோ, சண்டையோடு சம்பந்தமில்லாத ஏழைக் கிறிஸ்தவர்களையும் கும்பினியாரின் ஆட்களாகப் பலர் சந்தேகிக்க இடங்கொடுத்தது. மயிலாடியில் புதிதாகக் கூடிய சிறு சபையாருக்கு அந்த மாதங்கள் எளிதாயிருந்திரா.

போர் வெகு விரைவில் முடிந்தது. ஜனவரி 15-ந் தேதி கொல்லத்தில் கர்னல் சால்மர்ஸின் படை, தன்னினும் பன்மடங்கு பெரிய நாயர் சேனையை முறியடித்தது. ஆனால் நம் பக்கத்தாருக்கு முக்கியமானது ஆரல்வாய்மொழி. மலைக்கும் மலைக்கும் இடையே கட்டிய அக்கோட்டைமதில் திருநெல்வேலியிலிருந்து வரும் எதிரிக்குத் தடையாயிருந்தது. தளவாயும் அங்கே வந்திருந்தார். பாளையங்கோட்டை வழியாக வந்த கர்னல் செயின்ட் லெஜர், நேரே தாக்கினால் ஆட்சேதம் மிகும் என்று தயங்கினார். மேஜர் வெல்ஷ் என்பவர் ஒரு சிறு படையோடு, பிப்ரவரி 9-ந் தேதி இரவு, காவல் குறைந்த தென்பக்கத்து மலைச்சரிவில் கல்லையும் முள்ளையும் பற்றிக்கொண்டு மணிக்கணக்காக ஏறினார். மலைமேலிருந்த காவலர், இவ்வழியே மனிதர் ஏறுவர் என்று கனவிலும் எண்ணவில்லை. 10-ந் தேதி விடியுமுன் அங்கிருந்த காவலிடம் விழுந்தது; விடிந்தபின் மதில் முழுதும் விழுந்தது. நாகர்கோவில், கோட்டாற்றுப் பக்கத்தில் ஒரு சிறு போர் நடந்தபின், உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையின்றியே கதவைத் திறந்துவிட்டன. டிலனாய் கட்டிய கோட்டை ஒரு வெடியும் தீராமல் கைமாறியதைப் படிக்கையில் மனம் நோகின்றது. (ஆரல்வாய்மொழியை வென்ற செயின்ட் லெஜர் அடுத்த சில மாதங்களுக்குள் சென்னை கவர்னரோடு உண்டான பிணக்கில் உத்தியோகத்தினின்றும் நீக்கிவைக்கப்பட்டார் என்பதும் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது.)

கும்பினிப் படைகள் பாப்பனங்கோட்டில் வந்து தங்கியபோது மகாராஜா, நடந்த காரியங்கள் தமக்குச் சம்மதமல்ல என்று அறிவித்தார். அரசரைப் பழியினின்றும் காக்க வேலுத்தம்பி தாமே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு விலகினார் என்பர். உம்மிணித்தம்பி தளவாயாக நியமிக்கப்பட்டார். வேலுத்தம்பியைப் பிடித்துத் தருபவருக்கு 50,000 ரூபாய் என்று பறையறையப்பட்டது. புதிய தளவாயின் ஆட்களே தேடத் தொடங்கினர்.

அவர் கிளிமானூர் அரண்மனைக்குச் சென்று, தம் வாளை அங்கே ஒப்படைத்துவிட்டு, தம்பி பத்மநாபனோடு மண்ணடி பகவதி கோயிலில் மறைந்திருந்தார். பிடிபட்ட வேலைக்காரன் ஒருவன்மூலம் அவ்விடம் வெளியாயிற்று. கோயில் சூழப்பட்டது. தம்மை வெட்டிவிடும்படி அவர் தம்பியை வேண்டினார். தம்பி கை நடுங்கித் தயங்கவே, தாமே மார்பிற் குத்திக்கொண்டார். அதுவும் முடியாதபோது தம்பி கழுத்தை வெட்டினார் என்பர். இது 1809-ம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் நிகழ்ந்தது. சிறைப்பட்டவர்கள் என்னபாடு படுவர் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? உயிரோடு அகப்படலாகாது என்று அவர் உறுதிகொண்டதில் வியப்பில்லை.

உயிர் போனபின்னும் உடலுக்கு விடுதலையில்லை. அதைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவந்து, கண்ணம்மூலையில் தூக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். பத்மநாபன் தம்பி கொல்லத்தில், 12-ம் ரெஜிமெண்டார் பார்த்துநிற்க, தூக்கிலிடப்பட்டார். ஆற்றில் மாண்ட முப்பது பேருக்குப் பதில் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். பத்மநாபன் தம்பிக்கு அவ்வாறு ஒரு விசாரணையேனும் சொல்லக் கூடும். செத்த உடலைத் தூக்கிலிட்டதற்கு என்ன சொல்வது? கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் மிண்டோ பிரபுவுக்கே அது பொறுக்கவில்லை. குற்றவாளி இறந்ததோடு நீதியின் காரியம் முடிந்தது. பிணத்தை இழிவுபடுத்துவது மனிதத்தன்மைக்கும் நாகரிக அரசாங்கத்துக்கும் ஒவ்வாதது என்ற கருத்துப்பட அவர் கண்டித்தெழுதினார். நான்காண்டு சிறையிற் கிடந்த மெக்காலே இந்தக் கண்டனத்தைப் படித்தபோது என்ன நினைத்தாரோ! அவர் 1810-ல் உத்தியோகத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பினார்.

கூட்டாளியாயிருந்த பாலியத்தச்சன் கதி வேறாயிற்று. காலத்தே சரணடைந்த அவருடைய உயிரைக் கும்பினியார் காத்து, அவரைச் சென்னையிலும் பின் பம்பாயிலும் காவலில் வைத்தனர். முடிவில் அவர் காசியில் இறந்தார். ஒரே குற்றத்துக்கு இரண்டு விதமான முடிவு. சரணடைந்தவரை உயிரோடு வைத்திருக்க முடியும் என்று கும்பினியாருக்கும் தெரிந்தேயிருந்தது.

தலக்குளத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கவேண்டும். உம்மிணித்தம்பி, தம் விசுவாசத்தைக் காட்டிக்கொள்வதற்காகவோ, வேறெதற்காகவோ, மாண்டவருடைய குடும்பத்தின்மேல் கைவைத்தார். வீடு இடிக்கப்பட்டு, அந்நிலத்தில் வாழையும் ஆமணக்கும் நடப்பட்டதாகத் திருவிதாங்கூர்ச் சரித்திரகாரர் எழுதுகின்றனர். உறவினரிற் பலர் மாலத்தீவுக்குக் கடத்தப்படும்படி கப்பலேற்றப்பட்டனர். கப்பல் காற்றினால் தூத்துக்குடியில் ஒதுங்க, அங்கே சிலர் தற்கொலை செய்துகொண்டனர். சிலர் சிறையில் இறந்தனர். எஞ்சினோர் அடிபட்டு நாடு கடத்தப்பட்டனர். இவர்களிற் பெரும்பாலோர் ஓர் ஆயுதத்தையும் தொட்டவரல்லர். உம்மிணித்தம்பியும் 1811-ல் பதவியிழந்தார்.

திருவிதாங்கூரின் சொந்தச் சேனை, அரண்மனைச் சடங்குகளுக்கு வேண்டிய சில நூறு பேர் தவிர, கலைக்கப்பட்டது. கும்பினிப் பட்டாளம் கொல்லத்தில் தங்கியிருந்தது. எட்டு லட்சமும், அதன் பாக்கியும், போருக்கான செலவும் இராஜ்யத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டன. கிளிமானூரில் விடப்பட்ட வாள் நெடுங்காலம் அவ்வரண்மனையிலிருந்து, 1957-ல் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்திடம் கொடுக்கப்பட்டு, டெல்லி மியூசியத்தில் வைக்கப்பட்டிருந்தது. 2010-ல் அது திருவனந்தபுரம் நேப்பியர் மியூசியத்துக்குத் திரும்பி வந்தது.